கிளப் உறுப்பினர்களுக்குப் பிரிவு வாரியாக மெயில் அனுப்ப வேண்டும்: குழுக்களை எப்படி அமைப்பது?

இணைச்செயலர்_மேற்கு

வணக்கம். மாவட்டத் தலைநகரில் உள்ள பழைய கிளப் ஒன்றின் கமிட்டி வேலைக்காகக் கேட்கிறேன். சங்கமாகப் பதிவானது. உறுப்பினர்கள் சுமார் 900 பேர், குடும்பத்தினரைச் சேர்த்தால் இரண்டாயிரத்தைத் தாண்டும். டென்னிஸ், ஷட்டில், நீச்சல் குளம், பில்லியர்ட்ஸ், கார்டு ரூம், நூலகம், தங்கும் அறைகள், எஃப்எல் 2 (கிளப்புகளுக்கான மது உரிமம்) பார் எல்லாம் உண்டு.

இப்போது ஆபீஸ் கிளார்க் ஒரு இலவச ஜிமெயில் கணக்கிலிருந்து பிசிசி (பெறுகிறவர்களின் முகவரி மற்றவருக்குத் தெரியாத நகல்) போட்டுப் பகுதி பகுதியாக அனுப்புகிறார். குளம் மூடல், டென்னிஸ் கோச்சிங், தம்போலா, சந்தா நினைவூட்டல், ஏஜிஎம் (ஆண்டுப் பொதுக்குழு) நோட்டீஸ் எல்லாமே ஒரே பட்டியலுக்குப் போகின்றன. கார்டு ரூமுக்கு மட்டும் வருகிறவருக்கு ஷட்டில் டிரா (போட்டி அட்டவணை) போகிறது. அதனால் பலர் கிளப் மெயிலைத் திறப்பதே இல்லை. சிலர் ஸ்பேம் என்று குறித்துவிட்டார்கள், அவர்களுக்கு ஏஜிஎம் நோட்டீஸும் அங்கேதான் போய் விழுகிறது.

உறுப்பினர் பதிவேடு எக்செலில் இருக்கிறது. பில்லிங்குக்குத் தனி மென்பொருள்.

குழுக்களை எந்த அடிப்படையில் பிரிப்பது? எதில் வைத்து அனுப்புவது? ஒரே குடும்பத்தில் நான்கு பேர் இருந்தால் எப்படி? சட்டப்படி அனுப்ப வேண்டியவற்றை இதே வழியில் அனுப்பலாமா? செய்து பழகியவர்கள் சொல்லுங்கள்.

---

பதிவேட்டுக்காரர்

சார், எதில் அனுப்புவது என்பதைப் பிறகு பார்க்கலாம். குழு என்பதே இரண்டு வகை, அதை முதலில் பிரியுங்கள்.

ஒன்று, பதிவேடு தீர்மானிக்கும் குழு. நிரந்தர உறுப்பினர், ஆயுள் உறுப்பினர், கார்ப்பரேட், வெளியூர் அல்லது வெளிநாட்டில் இருப்பவர், வாக்குரிமை உள்ளவர், நிலுவை உள்ளவர். இதில் யாரும் விரும்பிச் சேரவும் முடியாது, விலகவும் முடியாது. பதிவேட்டில் நிலை மாறினால் குழுவும் மாறும். மற்றது, உறுப்பினரே தேர்ந்தெடுக்கும் குழு. டென்னிஸ், நீச்சல், கார்டு ரூம், நூலகம், குடும்ப நிகழ்ச்சிகள். இதிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகலாம், விலக வழியும் இருக்க வேண்டும். இந்த இரண்டும் ஒரே பட்டியலில் கலந்து கிடப்பதுதான் உங்கள் தொல்லைக்கு வேர். தம்போலா மெயில் வேண்டாம் என்று விலகுகிறவர் ஏஜிஎம் நோட்டீஸிலிருந்தும் விலகிப் போகிறார்.

அடுத்து எக்செல். கிளப் பதிவேடுகளில் பெரும்பாலும் ஓர் உறுப்பினர் எண்ணுக்கு ஒரு வரி இருக்கும், அதே வரியில் மனைவி பெயர், பிள்ளைகள் பெயர் எல்லாம் அடைந்திருக்கும். அதை வைத்துக் குழு பிரிக்க முடியாது. ஆளுக்கு ஒரு வரி வேண்டும். உறுப்பினர் எண் பொது, அதன் பின்னால் ஒரு குறி: முதன்மை உறுப்பினருக்கு 0, துணைவருக்கு 1, பிள்ளைகளுக்கு 2, 3 என்று. இந்தக் குறியோடு சேர்ந்த எண்தான் அந்த ஆளின் நிலையான அடையாளம். மெயில் முகவரியை அடையாளமாக வைக்காதீர்கள், அது மாறும். கணவனும் மனைவியும் ஒரே முகவரியைத் தந்திருப்பதும் சகஜம்.

ஒவ்வொரு வரியிலும் இருக்க வேண்டியவை: எண், பெயர், உறுப்பினர் வகை, நிலை (நடப்பு, இடைநீக்கம், ராஜினாமா, மறைவு), வாக்குரிமை உண்டா இல்லையா, பிறந்த தேதி, மெயில், கைபேசி, விருப்பங்கள், அந்த விருப்பத்தை எந்தத் தேதியில் எப்படித் தெரிவித்தார் என்பது. வயது என்று ஒரு நெடுவரிசை வைக்கவே வேண்டாம், அடுத்த ஆண்டே பொய்யாகிவிடும். பிறந்த தேதி இருந்தால் போதும், அனுப்பும் நாளில் கணக்கிட்டுக்கொள்ளலாம்.

விருப்பங்களைத் திரட்ட மூன்று வழிகள். முதலில் பில்லிங். டென்னிஸ் கோச்சிங் கட்டணம், குளத்துச் சந்தா, லாக்கர் வாடகை யார் பெயரில் விழுகிறது என்று கடந்த பன்னிரண்டு மாதத்துக்கு அறிக்கை எடுங்கள். காசு கட்டுகிறவருக்கு ஆர்வம் இருப்பது உறுதி. இரண்டாவது, கோர்ட், அறை முன்பதிவுப் பதிவேடு. மூன்றாவது, ஆண்டுச் சந்தா கட்டும்போது கொடுக்கிற படிவம். அதில் ஆறு ஏழு கட்டங்களுக்கு மேல் வைக்காதீர்கள். இருபது வைத்தால் ஒன்று எல்லாவற்றையும் டிக் அடிப்பார்கள், இல்லாவிட்டால் ஒன்றையும் தொட மாட்டார்கள். எதுவுமே சொல்லாதவரை எந்த விருப்பக் குழுவிலும் போட வேண்டாம், மாதம் ஒருமுறை போகும் பொதுச் செய்தி மடல் அவருக்குப் போதும்.

குழுக்களின் எண்ணிக்கையைக் கட்டுக்குள் வைப்பதும் முக்கியம். விருப்பக் குழு எட்டைத் தாண்டினால் கிளார்க்கால் பராமரிக்க முடியாது. "12 வயதுக்குட்பட்ட பிள்ளை உள்ள, குளத்துச் சந்தா கட்டிய குடும்பங்கள்" என்று ஒரு தேவை வந்தால் அதற்கென்று புதுக் குழு தொடங்காதீர்கள். அது ஒரு வடிகட்டல். கோடைக்கால நீச்சல் முகாமுக்கு ஏப்ரலில் வடிகட்டி அனுப்பிவிட்டு விட்டுவிடலாம். ஆள் ஆளாகச் சேர்த்து உருவாக்கிய குழு ஆறு மாதத்தில் பழசாகிவிடும். பதிவேட்டிலிருந்து வடிகட்டினால் ஒவ்வொரு முறையும் புதிதாக வரும்.

விலக்கும் வடிகட்டலை இன்னும் அதிகமாகப் பயன்படுத்துங்கள். தீபாவளி விருந்துக்கு முதல் அழைப்பு எல்லோருக்கும். நினைவூட்டல், டோக்கன் இன்னும் வாங்காதவர்களுக்கு மட்டும். வாங்கியவருக்கு டோக்கன் எண், நேரம், கார் நிறுத்துமிடம் பற்றி வேறு மெயில். ஸ்பேம் புகாரைக் குறைப்பதில் இதற்கு இணையான வழி கிடையாது.

---

இணைச்செயலர்_மேற்கு

மிக்க நன்றி சார். ஒரே மெயில் முகவரியை இரண்டு பேர் தந்திருந்தால்? வேறு சிலர் கம்பெனி முகவரியைத் தந்திருக்கிறார்கள், படிப்பது அவர்களுடைய பிஏ.

---

பதிவேட்டுக்காரர்

ஒரே முகவரி என்றால் அனுப்பும் பட்டியலில் ஒரு முறைதான் வர வேண்டும், இருவரின் விருப்பங்களும் அதில் சேரட்டும். விளிக்கும்போது ஒருவர் பெயரைப் போடாமல் "அன்புள்ள உறுப்பினர் குடும்பத்தாருக்கு" என்று போடுங்கள். துணைவருக்குத் தனி முகவரி கேட்டு வாங்குவது நல்லது. குடும்ப நிகழ்ச்சிகளுக்கு வருவதா வேண்டாமா என்று முடிவெடுப்பது பல வீடுகளில் அவர்தான். கம்பெனி முகவரிக்குப் பில் போகலாம், விருப்ப மெயில் வேண்டாம். வேலை மாறியதும் செத்துப்போகும் முகவரி அது. கார்ப்பரேட் உறுப்பினர் வகையில் பெயர் மாற்றக் கடிதம் வந்த அன்றே பழைய முகவரியை எடுத்துவிட வேண்டும்.

---

அஞ்சல்_சர்வர்

அனுப்பும் வழியைப் பற்றிச் சொல்கிறேன்.

இலவச ஜிமெயிலில் ஒரு நாளைக்கு 500 பேருக்கு மேல் அனுப்ப முடியாது. 900 பேருக்கு அனுப்பினால் பாதியில் நிற்கும், கணக்கே 24 மணி நேரம் வரை முடங்கலாம். அதைவிட ஆபத்து பிசிசி. கை தவறி சிசியில் ஒட்டினால் எல்லோருடைய முகவரியும் எல்லோருக்கும் போய்விடும், திரும்பப் பெற வழியே கிடையாது.

கிளப்புக்குச் சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின்னால் வரும் பெயர்) வாங்குங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ் (கூகுளின் கட்டண மெயில் சேவை) எடுத்தால் ஒரு கணக்குக்கு நாளொன்றுக்கு 2000, அதில் மெயில் மெர்ஜ் (ஒரே மெயிலை ஆளுக்கொன்றாக அனுப்பும்) வசதியில் 1500 பேர் வரை. உங்கள் அளவுக்கு அதுவே பெரும்பாலும் போதும். ஆனால் விலகல், திரும்பி வந்த மெயில் இவற்றின் கணக்கை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் மெயில்சிம்ப் போன்ற செய்தி மடல் சேவைதான் வசதி.

அப்படிச் சேவை எடுத்தால் பிரிவுக்கு ஒரு பட்டியல் என்று தொடங்காதீர்கள். எல்லோரும் ஒரே பட்டியலில் இருக்கட்டும், பிரிவுகள் அதற்குள்ளே குழுவாகவோ டேக்காகவோ (பெயரோடு ஒட்டும் அடையாளச் சொல்) இருக்கட்டும். மெயில்சிம்ப்பில் தனித்தனிப் பட்டியல் வைத்தால் மூன்று பட்டியலில் இருக்கும் ஒருவர் மூன்று பேராகக் கணக்காகிக் கட்டணம் ஏறும். ஒரு பட்டியலில் விலகியவருக்கு மற்ற இரண்டிலிருந்தும் மெயில் போய்க்கொண்டே இருக்கும். ஒரே பட்டியலிலும் ஒரு சிக்கல் உண்டு: கீழே இருக்கும் விலகல் இணைப்பைத் தட்டினால் குழுவிலிருந்து மட்டும் விலக மாட்டார், பட்டியலிலிருந்தே போய்விடுவார். அதனால் அந்த இணைப்புக்கு மேலே "எந்தப் பிரிவு மெயில் வேண்டும் என்று மாற்ற" என்ற இணைப்பைப் பெரிதாகப் போடுங்கள்.

கூகுள் குரூப்ஸை (ஒரு முகவரிக்கு அனுப்பினால் குழுவினர் எல்லோருக்கும் போகும் சேவை) கமிட்டிக்கு வைத்துக்கொள்ளலாம். உறுப்பினர்களுக்கு வைத்தால் "யார் பதிவிடலாம்" என்பதை நிர்வாகிகளுக்கு மட்டும் என்று மாற்றிவிட வேண்டும். அப்படியே விட்டால் ஒருவர் "வாழ்த்துகள்" என்று பதில் போட, அது எல்லோருக்கும் போகும்.

டிஎன்எஸ் (டொமைன் பற்றிய பதிவுகள்) அமைப்புதான் பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம். 2024 பிப்ரவரியிலிருந்து ஜிமெயிலுக்கு அனுப்பும் எல்லோருக்குமே எஸ்பிஎஃப் (டொமைன் பெயரில் யார் அனுப்பலாம் என்ற பதிவு) அல்லது டிகிம் (மெயிலில் இடும் மின்னணுக் கையொப்பம்) கட்டாயம். நாளொன்றுக்கு 5000 மெயிலுக்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு இரண்டும் வேண்டும், கூடவே டிமார்க்கும் (அந்தச் சோதனைகளில் தோற்ற மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் பதிவு) ஒரே தட்டலில் விலகும் வசதியும். உங்கள் அளவு அந்த எல்லைக்குள் வராது, ஆனாலும் எல்லாவற்றையும் செய்துவிடுங்கள்.

எஸ்பிஎஃப் பதிவு ஒரு டொமைனுக்கு ஒன்றே ஒன்றுதான். வொர்க்ஸ்பேஸுக்கு ஒன்று, பில்லிங் மென்பொருளுக்கு ஒன்று என்று இரண்டு போட்டால் இரண்டுமே செல்லாது. ஒரே பதிவுக்குள் இரண்டையும் சேர்க்க வேண்டும், அதிலும் டிஎன்எஸ் தேடல் மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. டிகிமுக்கு 2048 பிட் சாவி எடுத்தால் 255 எழுத்துக்கு மேல் வரும். சில டொமைன் நிறுவனங்களின் பலகையில் அதை இரண்டு துண்டாக மேற்கோள் குறிக்குள் இட வேண்டும், சில தானாகவே பிரித்துக்கொள்ளும். ஒட்டிய பிறகு முழுதாக இருக்கிறதா என்று சோதியுங்கள். டிமார்க்கை முதலில் வெறும் கண்காணிப்பு நிலையில் வைத்து அறிக்கை முகவரி கொடுங்கள். பில்லிங் மென்பொருள் எந்தப் பெயரில் அனுப்புகிறது என்பதெல்லாம் சில வாரங்களில் வெளியே வந்துவிடும், அதன் பிறகு கடுமையாக்கலாம்.

பில்லும் நோட்டீஸும் முதன்மை டொமைனிலிருந்து போகட்டும், செய்தி மடலுக்குத் துணை டொமைன் (முதன்மைப் பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்தது) ஒன்று. தம்போலா மெயிலுக்கு வரும் ஸ்பேம் புகார் பில்லைப் பெருமளவு தொடாது. கூகுளின் வரம்பு 0.3 சதவீதம், 0.1க்குக் கீழே வைத்திருக்கச் சொல்கிறார்கள். 900 பேருக்குப் போகும் மெயிலில் மூன்று பேர் ஸ்பேம் என்று குறித்தாலே அந்த அளவைத் தொட்டுவிடும், சிறிய பட்டியலுக்கு இது கடுமையான வரம்பு.

எக்செலில் கவனிக்க வேண்டியவை: உறுப்பினர் எண் 0045 என்று இருந்தால் 45 ஆகிவிடும், அந்த நெடுவரிசையை எழுத்தாக வடிவமைத்துவிட்டுத்தான் தட்டச்சு செய்ய வேண்டும். 05/04 என்ற தேதி ஏப்ரல் 5ஆ, மே 4ஆ என்பது கணினியின் அமைப்பைப் பொறுத்தது, அதனால் வருடம்-மாதம்-நாள் என்று எழுதுங்கள். தமிழ்ப் பெயர்கள் இருந்தால் சேவையில் ஏற்றும் கோப்பை "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்ற வகையில் சேமிக்க வேண்டும், சாதாரண சிஎஸ்வியில் எல்லாம் கேள்விக்குறியாகிவிடும். முகவரிக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் இடைவெளியை நீக்குங்கள்.

கடைசியாக, பலர் கவனிக்காத ஒன்று. புதிய பட்டியலை ஏற்றும்போது சேவைகள் பொதுவாகப் புதியவரைச் சேர்க்கும், பழையவரை நீக்காது. டென்னிஸை விட்டவர் டென்னிஸ் டேக்கோடே கிடப்பார். மாதாமாதம் அந்த டேக்கை எல்லோரிடமிருந்தும் எடுத்துவிட்டுப் பிறகு புதிதாக ஏற்றுங்கள். ஏற்கெனவே விலகியவரை மறுபடி சேர்ந்தவராக ஏற்றவே கூடாது.

---

விதி_எண்_26

பொதுக்குழு நோட்டீஸ் பற்றி. முதலில் உங்கள் துணைவிதிகளை (பைலா) எடுத்துப் பாருங்கள். நோட்டீஸ் அனுப்பும் முறையில் மெயில் என்று இருக்கிறதா? "தபாலில் அல்லது நேரில்" என்று மட்டும் இருந்தால் மெயில் என்பது கூடுதல் தகவல்தான், தபால் போயே ஆக வேண்டும். மெயிலையும் சேர்க்க வேண்டுமானால் துணைவிதியைத் திருத்தி, 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கப் பதிவுச் சட்டப்படி பதிவாளரிடம் பதிந்துகொள்ள வேண்டும்.

கம்பெனியாகப் பதிவான கிளப்புகளும் இதைப் படிக்கலாம் என்பதால் சொல்கிறேன். 2013 கம்பெனிகள் சட்டம் 101ஆம் பிரிவு 21 முழு நாள் நோட்டீஸ் கேட்கிறது, மின்னணு முறையையும் ஏற்கிறது. முழு நாள் என்றால் நோட்டீஸ் சேரும் நாளும் கூட்ட நாளும் கணக்கில் வராது. உறுப்பினர் தன் மெயில் முகவரியைப் பதியவோ மாற்றவோ நிதியாண்டில் ஒரு முறையாவது வாய்ப்புத் தர வேண்டும் என்றும் விதி இருக்கிறது. சங்கமாக இருந்தாலும் இந்த வழக்கத்தைப் பின்பற்றுவது நல்லது.

எந்த அமைப்பாக இருந்தாலும் நோட்டீஸ் செய்தி மடல் பட்டியல் வழியாகப் போகக் கூடாது. வாக்குரிமை நெடுவரிசையை வைத்து அன்றைய தேதிக்குப் பட்டியல் எடுத்து, முதன்மை டொமைனிலிருந்து தனியாக அனுப்புங்கள். அந்தப் பட்டியலின் நகல், அனுப்பிய நேரம், திரும்பி வந்த மெயில்கள் மூன்றையும் ஒரே கோப்பில் வைக்க வேண்டும். திரும்பி வந்தவர்களுக்கு அடுத்த நாளே ஸ்பீடு போஸ்ட். தேர்தல் ஆண்டில் இதை வைத்துத்தான் தகராறு வரும்.

நிலுவை நினைவூட்டல் ஒவ்வொருவருக்கும் அவருடைய தொகையோடு தனித்தனியாகப் போக வேண்டும். "நிலுவை உள்ளவர்கள்" என்ற பெயரில் குழு முகவரி இருக்கவே கூடாது. குழுவின் பெயர் சில சமயம் மெயிலின் மேலேயே தெரிந்துவிடும்.

பார் நிகழ்ச்சி, ஒயின் விருந்து போன்றவை 21 வயது நிரம்பாதவர்களுக்குப் போகக் கூடாது. தமிழ்நாட்டில் மது அருந்தும் சட்ட வயது 21. பிறந்த தேதி காலியாக இருக்கும் வரியையும் சேர்த்தே விலக்குங்கள். நீச்சல் பயிற்சிக்கு வரும் சிறுவர்களின் முகவரியைச் சேகரிக்காதீர்கள். 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் உள்ளவரைக் குழந்தை என்றே எடுத்துக்கொண்டு பெற்றோரின் ஒப்புதலைக் கேட்கிறது. எல்லாம் பெற்றோர் முகவரிக்கே போகட்டும்.

மறைவுச் செய்தி வந்த அன்றே நிலையை மாற்றுவது யார் பொறுப்பு என்று எழுத்தில் வையுங்கள். மறைந்தவர் பெயருக்குப் பிறந்தநாள் வாழ்த்து போனால் அந்தக் குடும்பத்தின் மனம் என்ன பாடுபடும்! பிறந்தநாள் மெயில் தானாகப் போகும்படி அமைத்திருந்தால் அது நடப்பு நிலையில் உள்ளவர்களை மட்டும் எடுக்கிறதா என்று முதல் நாளே சோதித்துவிடுங்கள்.

---

செய்திமடல்_மீனா

உள்ளடக்கம் பற்றி நானும் கொஞ்சம் சேர்க்கிறேன்.

தலைப்பில் பிரிவின் பெயர் முதலில் வரட்டும்: "டென்னிஸ்: 2ஆம் கோர்ட் ஞாயிறு வரை மூடல்". கைபேசியில் தலைப்பின் முன்பகுதிதான் தெரியும், கிளப் பெயரை அங்கே வீணாக்க வேண்டாம், அனுப்புநர் பெயரிலேயே அது இருக்கிறது. அடியில் ஒரு வரி: "நீங்கள் டென்னிஸ் பிரிவைத் தேர்ந்தெடுத்திருப்பதால் இந்த மெயில் வருகிறது." கோபத்தில் ஸ்பேம் பொத்தானைத் தட்டப் போகிறவர் இதைப் பார்த்தால் பிரிவை மாற்றிக்கொள்வார்.

பல கிளப்புகள் வடிவமைப்பாளர் கொடுத்த போஸ்டரை அப்படியே ஒரு படமாக ஒட்டி அனுப்புகின்றன. தயவுசெய்து வேண்டாம். படம் திறக்காத மெயிலில் ஒன்றுமே தெரியாது, கைபேசியில் எழுத்து எறும்பாகிவிடும், பார்வை குறைந்த மூத்த உறுப்பினர்கள் பெரிதாக்கிப் படிக்கவும் முடியாது. தேதி, நேரம், இடம், கட்டணம், கடைசி நாள், யாரிடம் பதிவது ஆகிய ஆறும் எழுத்தாக இருக்கட்டும், படம் அதற்குக் கீழே.

மெயிலின் எச்டிஎம்எல் (வடிவமைப்புக் குறிகளோடு சேர்ந்த உரை) 102 கிலோபைட்டைத் தாண்டினால் ஜிமெயில் வெட்டிவிடும், கீழே இருக்கும் விலகல் இணைப்பும் மறைந்துபோகும். தமிழ் எழுத்துக் குறி ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் என்பதால் இருமொழி மடல்கள் இந்த எல்லையைச் சீக்கிரம் தொடும். வேர்டிலிருந்து நகலெடுத்து ஒட்டினால் கண்ணுக்குத் தெரியாத வடிவமைப்புக் குப்பையும் சேர்ந்து வரும், வடிவமைப்பு இல்லாமல் ஒட்டுங்கள்.

எத்தனை பேர் திறந்தார்கள் என்ற எண்ணை நம்பி முடிவெடுக்காதீர்கள். 2021 செப்டம்பரிலிருந்து ஆப்பிள் மெயிலில் தனியுரிமை வசதியை இயக்கியவர்களுக்குப் படங்கள் முன்கூட்டியே இறக்கப்படுகின்றன, படிக்காதவரும் படித்தவராகப் பதிவாவார். கோர்ட் பதிவு எத்தனை, டோக்கன் எத்தனை விற்றது என்று பாருங்கள். இதே காரணத்தால், திறக்கவில்லை என்பதை மட்டும் வைத்து யாரையும் பட்டியலிலிருந்து நீக்கக் கூடாது. படங்களை அடைத்து வைத்துப் படிப்பவர்களும் இருக்கிறார்கள்.

இன்று மாலை குளம் மூடல் என்றால் மெயில் உதவாது. எஸ்எம்எஸ் போட வேண்டும். அதற்கு டிஎல்டி (மொத்த எஸ்எம்எஸ் அனுப்புகிறவர்களுக்கான) பதிவும், அங்கீகரித்த வாசக மாதிரியும் முன்பே தயாராக இருக்க வேண்டும், அன்றைக்கு உட்கார்ந்து செய்ய முடியாது.

---

இணைச்செயலர்_மேற்கு

எல்லோருக்கும் நன்றி. மீனா மேடம் சொன்ன தலைப்பு முறையை இந்த வாரமே தொடங்கிவிடலாம். இன்னும் இரண்டு கேள்விகள். டென்னிஸ் கேப்டன் தன் பிரிவுப் பட்டியலைத் தன்னிடம் கொடுத்துவிடச் சொல்கிறார், கொடுக்கலாமா? பழைய ஜிமெயிலை மூடிவிடலாமா?

---

பதிவேட்டுக்காரர்

பட்டியலைக் கொடுக்க வேண்டாம். கேப்டன் வாசகத்தை அனுப்பட்டும், ஆபீஸ் அனுப்பிவைக்கட்டும். பட்டியல் வெளியே போனால் மூன்று மாதத்தில் அவரிடம் ஒன்று, ஆபீஸில் ஒன்று என்று இரண்டு பதிவேடு இருக்கும், இரண்டும் பொருந்தாது. பதவிக்காலம் முடிந்தபின் அவருடைய கைபேசியில் இருக்கும் முகவரிகளை யாரும் திரும்ப வாங்க முடியாது. அவசரம் என்கிறாரா? காலை 11 மணிக்குள் வாசகம் வந்தால் அன்று மாலை 4 மணிக்குள் போகும் என்று ஒரு நேரக் கெடுவைச் சொல்லி, அதைக் காப்பாற்றுங்கள். கேட்பதை விட்டுவிடுவார்.

---

அஞ்சல்_சர்வர்

ஜிமெயிலை மூடாதீர்கள். மூடினால் பழைய மெயிலுக்குப் பதில் போடுகிறவர்களின் கடிதம் திரும்பிவிடும், அறை பதிவுக் கோரிக்கையும் அதில் இருக்கலாம். அதில் வருவதையெல்லாம் புதிய முகவரிக்குத் திருப்பிவிடும்படி அமைத்துவிட்டு, புதிய முகவரியைச் சொல்லும் தானியங்கிப் பதிலையும் போடுங்கள். அந்தப் பழைய முகவரியை அனுப்புநராக வைத்துச் செய்தி மடல் சேவையிலிருந்து அனுப்பிப் பார்க்காதீர்கள், ஜிமெயில் பெயரில் வெளியிலிருந்து வரும் மெயிலைக் கூகுள் சந்தேகத்தோடுதான் பார்க்கும். புதிய டொமைனிலிருந்தும் முதல் நாளே 900 பேருக்கு வேண்டாம். கமிட்டி, பிறகு டென்னிஸ் குழு, பிறகு நீச்சல் குழு என்று இரண்டு மூன்று வாரத்தில் ஏற்றிக்கொண்டு போங்கள். கிளார்க் விடுப்பில் போனாலும் வேலை நடக்கும்படி இரண்டு பேருக்கு உள்நுழைவு கொடுங்கள், ஒரே கடவுச்சொல்லைப் பகிராமல் ஆளுக்கொரு கணக்காக.